மூன்று இலக்க நாணயம்

தமிழில் 'நாணயம்' என்னும் ஒரே சொல் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். ஆகவே காசுள்ளவரே நேர்மையானவர் என்று ஒருவர் முடிவுகட்டினால், அவருக்கு மொழி தெரியவில்லை என்று சொல்லி நகர்ந்துவிடலாம். அதே முடிவைப் பொதுத்துறை வங்கிகள் வேலைக்கான தகுதி விதியாக எழுதும்போது அப்படி நகர இயலாது.

2023ஆம் ஆண்டு ஐபிபிஎஸ் எழுத்தர் தேர்வு அறிவிக்கை, பணியில் சேரும்போது சிபில் மதிப்பெண் 650க்குக் குறையக்கூடாது என்றது. பின்னர் வந்த அறிவிக்கைகளில் அந்த எண் நீங்கி, 'ஆரோக்கியமான கடன் வரலாறு' என்ற தொடர் வந்தமர்ந்தது. மதிப்பெண் நிலையைச் சரிசெய்துகொள்ளாதவர் கடன் கொடுத்த நிறுவனத்திடமிருந்து நிலுவையில்லாச் சான்று கொண்டுவர வேண்டும். இல்லையேல் பணி வாய்ப்பு திரும்பப் பெறப்படலாம். இதைத் தளர்வு என்று கொண்டாடியவர்கள் உண்டு. 650 என்பது கொடுமையான எண்தான். ஆயினும் அதற்கு ஓர் எல்லை இருந்தது. 'ஆரோக்கியம்' என்ற உருவகத்துக்கு எல்லை ஏது? கடனை நோயாகவும் கடனாளியைத் தொற்றாளராகவும் காட்டுவதே அச்சொல் செய்யும் வேலை.

பாரத ஸ்டேட் வங்கியின் 2020ஆம் ஆண்டு அதிகாரி பணி அறிவிக்கை இன்னும் கடுமையானது. கடனையோ கடன் அட்டைத் தொகையையோ கட்டத் தவறிய வரலாறு உள்ளவரும், சிபில் போன்ற அமைப்புகளின் பாதகமான அறிக்கைக்கு ஆளானவரும் பணிக்குத் தகுதியற்றவர் என்றது அது. தேர்விலும் நேர்காணலிலும் வென்று நியமன ஆணையும் பெற்ற ஒருவரது நியமனம் இவ்விதியின்கீழ் 2021இல் ரத்தானது. அறிவிக்கைக்கு முன்பே எல்லாக் கடன்களையும் அடைத்துவிட்டதாக அவர் வாதிட்டார். சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூனில் வங்கியின் பக்கமே நின்றது. பொதுப்பணத்தைக் கையாள்பவருக்கு நிதி ஒழுக்கம் வேண்டும் என்பதும், விதியை அறிந்தே விண்ணப்பித்தவர் பின்னர் அதை எதிர்க்க இயலாது என்பதும் தீர்ப்பின் சாரம்.

'நிதி ஒழுக்கம்' என்ற தொடரைச் சற்றே நிறுத்திப் பார்க்க வேண்டும். 300 முதல் 900 வரை ஓடும் அந்த மதிப்பெண் எதை அறியும்? வாங்கிய கடன்கள், தவணை தவறிய நாள்கள், அட்டையில் எவ்வளவு பயன்படுத்தப்பட்டது, எத்தனை முறை கடன் கேட்கப்பட்டது. எதை அறியாது? வருமானம், சேமிப்பு, தவணை ஏன் தவறியது என்னும் காரணம். தந்தையின் அறுவை சிகிச்சைக்காகத் தவணையை விட்டவரும் பந்தயச் செயலியில் பணத்தை விட்டவரும் அதில் ஒரே நிறத்தில் தெரிவர். காரணத்தைப் பதிவு செய்யாத ஆவணம் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசத் தகுதியற்றது. சிபிலின் தாய் நிறுவனமான ட்ரான்ஸ்யூனியனின் அலுவலர் ஒருவரே 2010இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலச் சட்டமன்றத்தாரிடம், கடன் அறிக்கைக்கும் பணித்திறனுக்கும் அல்லது மோசடி செய்யும் வாய்ப்புக்கும் தொடர்பைக் காட்டும் ஆய்வு எதுவும் தங்களிடம் இல்லை என்று ஒப்புக்கொண்டார். விற்பவரே உறுதி தராத பயனை வாங்குபவர் நம்புவது வியப்புதான்.

இவ்விதியால் முதலில் அடிபடுபவர் யார் என்பது பல்கலைக்கழக வளாகத்தில் இருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லாதது. கல்விக்கடனின் தவணை, படிப்பு முடிந்து ஓராண்டு கழிந்ததும் தொடங்கிவிடும். அதுவரை வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். அந்த ஓராண்டில் வேலை கிடைக்கும் என்பது வங்கியின் கணக்கு. வங்கித் தேர்வு ஒன்றின் முதல்நிலை, முதன்மை, நேர்காணல், இறுதிப் பட்டியல் ஆகியவற்றுக்கே ஏறத்தாழ ஓராண்டு போய்விடுகிறது. ஆராய்ச்சிக்குப் போனவர் நிலையும் மேலானதன்று. நெட் தகுதி இல்லாமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முனைவர் பட்ட மாணவருக்கு மாதம் 8,000 ரூபாய். அதுவும் உரிய மாதத்தில் வருமென்பதற்கு உறுதியில்லை. தவணை தவறுகிறது, மதிப்பெண் சரிகிறது. கடனை அடைக்க வழிசெய்யும் வேலை வாசல்வரை வந்து, கடன் இருந்ததென்று சொல்லித் திரும்பிப் போகிறது. கடனில் இணைந்து கையொப்பமிட்ட பெற்றோரின் அறிக்கையும் கூடவே கெடுகிறது. கல்விக்கடன் வாங்கத் தேவையே இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு இந்தத் தேர்வில் வினாத்தாளே கிடையாது.

வங்கிக்காரர் பணத்தருகே இருப்பவர், கடன் நெருக்கடி அவரைத் தவறிழைக்கத் தூண்டாதா என்று கேட்கலாம். நியாயமான ஐயமே. அதற்குத்தான் இருவர் ஒப்புதல், உள் தணிக்கை, கண்காணிப்புப் பிரிவு, பணியிட மாற்றம் எல்லாம் இருக்கின்றன. மாதச் சம்பளம் கைக்கு வரும்போது அந்த நெருக்கடியே தளரும் என்பதையும் எண்ண வேண்டும்.

சட்டத்தின் மொழி இதைவிடக் கூர்மையாகப் பாகுபடுத்துகிறது. 1949ஆம் ஆண்டு வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, நொடித்தவர் என்று என்றேனும் அறிவிக்கப்பட்டவரையும் கடன்காரர்களோடு சமரசம் செய்துகொண்டவரையும் வங்கி பணியில் அமர்த்தக் கூடாது என்கிறது. ஒழுக்கக்கேடான குற்றத்துக்குத் தண்டனை பெற்றவரும் அதே உட்பிரிவில்தான் இருக்கிறார். 'என்றேனும்' என்ற சொல்லுக்குக் காலாவதி இல்லை. நிறுவனம் நொடித்தால் கதை வேறு. 2016ஆம் ஆண்டு நொடிப்பு மற்றும் திவால் சட்டத்தின்கீழ் மீட்புத் திட்டம் ஏற்கப்பட்டதும், திட்டத்தில் இடம்பெறாத பழைய கோரிக்கைகள் அழிந்துபோகும் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் உறுதிப்படுத்தியது. நிறுவனத்துக்குத் துடைத்த பலகை கிடைக்கிறது. பேச்சுவழக்கின் இலக்கணம்கூட அதற்குச் சாதகம்: பெருங்கடன் 'வாராக்கடன்' ஆகிறது, அதாவது கடன்தான் வராமல் போகிறது, தராதவர் வாக்கியத்தில் இல்லை. மாணவர் விஷயத்தில் மட்டும் எழுவாய் தவறாமல் வந்துவிடுகிறது: 'கட்டத் தவறியவர்'.

அதே 2016 சட்டத்தில் தனிமனிதர்களுக்கும் 'புதுத் தொடக்கம்' என்றோர் இயல் உண்டு. ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்கும் சொத்து 20,000 ரூபாய்க்கும் கடன் 35,000 ரூபாய்க்கும் மிகாத, சொந்த வீடற்ற ஏழைக்கு அவ்வியல் கடனிலிருந்து விடுதலை தருகிறது. நாடாளுமன்றம் நிறைவேற்றிய அவ்வியல் இன்றுவரை நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. எனவே தனிமனிதர் நொடித்தால் இன்றும் 1909, 1920ஆம் ஆண்டுக் காலனியச் சட்டங்களிடமே போக வேண்டும். அமெரிக்கத் திவால் சட்டமோ, திவாலான காரணத்துக்காக மட்டும் அரசு ஒருவருக்கு வேலை மறுப்பதை 1978 முதலே தடைசெய்கிறது.

ஐபிபிஎஸ் அறிவிக்கைகளிலிருந்து கடன் வரலாற்று விதி நீக்கப்பட வேண்டும். அதுவரை, கல்விக்கடன் நிலுவையையாவது அதன் வரம்பிலிருந்து விலக்க வேண்டும். பணியில் சேர்ந்து சம்பளத்திலிருந்து தவணை பிடித்துக்கொள்ள ஒப்புக்கொள்பவரிடம் சான்று கேட்கக் கூடாது. 'புதுத் தொடக்க' இயலை நடைமுறைப்படுத்த ஒன்றிய அரசின் ஓர் அறிவிக்கை போதும். ஆசிரியர் சங்கங்களும் மாணவர் அமைப்புகளும் கட்டண உயர்வுக்கு எதிராக எழுதும் மனுக்களில் இம்மூன்றையும் சேர்க்கலாம்.