துவரையின் மீது விழும் பழி

பருப்பு விலை ஏறும்போதெல்லாம் ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடுகிறது: "இந்தியாவில் துவரையின் உற்பத்தித்திறன் குறைவு." கொள்கை அறிக்கைகளும் கருத்தரங்கக் கட்டுரைகளும் அதில் தொடங்கி, வீரிய விதை, தொழில்நுட்பம், உழவர் விழிப்புணர்வு என்று முடிகின்றன. அவ்வாக்கியத்தின் எழுவாய் பயிர். எனவே பழி பயிரின் மீதும் அதை விதைத்தவர் மீதும் விழுகிறது. விலையைத் தீர்மானித்தவருக்கு அதில் இடமே இல்லை.

ஹெக்டேருக்கு எட்டு, ஒன்பது குவிண்டால் என்னும் சராசரி பொய்யன்று. ஆனால் அது எதை அளக்கிறது? வட கர்நாடகத்தின் கலபுரகி வட்டாரத்தில் மானாவாரி உழவர் பலர் ஜூன் மழையில் துவரையோடு பச்சைப்பயறையோ உளுந்தையோ ஊடுபயிராக விதைக்கின்றனர். பயறு எழுபது நாளுக்குள் வீட்டுக்கு வந்துவிடும். மெதுவாக வளரும் துவரை அதுவரை அதற்கு இடம்விட்டு நிற்கும். மழை ஓய்ந்தபின் ஆழத்து ஈரத்தை வேரால் உறிஞ்சி, டிசம்பர், ஜனவரியில் காய்த்து முற்றும். ஒரே மழையில் இரண்டு அறுவடை. ஒன்று பொய்த்தாலும் மற்றது கைகொடுக்கும். உதிர்ந்த இலையும் வேர் முடிச்சும் அடுத்த பயிருக்குத் தழைச்சத்து தருகின்றன. செம்மண்ணில் இரும்போடு பிணைந்து கிடக்கும் மணிச்சத்தையும் துவரை வேர் கரைத்தெடுக்கிறது. பொட்டு மாட்டுக்கு, மிளார் அடுப்புக்கு. பாசனமற்ற மூன்று ஏக்கர் குடும்பத்துக்கு இவை அனைத்தும் சேர்ந்ததே விளைச்சல். புள்ளிவிவர அட்டவணையிலோ பருப்புக்கு மட்டுமே கட்டம் உண்டு.

உழவருக்கு விழிப்புணர்வு இல்லை என்போர் 2016ஐ நினைவுகூர வேண்டும். 2015இல் துவரம் பருப்பின் சில்லறை விலை கிலோ 200 ரூபாயைத் தொட்டது. மறு பருவத்திலேயே உழவர் பரப்பைப் பெருக்கினர், மழையும் ஒத்துழைத்தது. ஏறத்தாழ 25 லட்சம் டன்னாக இருந்த உற்பத்தி 2016–17இல் 48 லட்சம் டன்னை ஒட்டி உயர்ந்தது. ஆதரவு விலை, ஊக்கத்தொகை உட்பட, குவிண்டாலுக்கு 5,050 ரூபாய். மண்டிகளில் விலை அதற்கும் கீழே சரிந்தது. 2006இல் விதித்த ஏற்றுமதித் தடை அப்போதும் நீங்கவில்லை. விதைப்புக் காலமான 2016 ஜூலையிலேயே மொசாம்பிக்கிலிருந்து ஆண்டுக்கு 2 லட்சம் டன் வரை படிப்படியாக இறக்குமதியை உயர்த்த ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. துவரைக்கு ஏற்றுமதித் தடை நீங்கியது 2017 செப்டம்பரில். அதற்குள் சிறு உழவரின் களம் காலியாகியிருந்தது.

விலை ஏறினால் மட்டும் அரசு விரைகிறது. 2021 மே மாதம் துவரை இறக்குமதிக்கான கட்டுப்பாடு நீக்கப்பட்டது. 2023 ஜூனில் வணிகரின் இருப்புக்கு வரம்பு விதிக்கப்பட்டது. நீக்கப்பட்டது, விதிக்கப்பட்டது: செயப்பாட்டு வினையில் செய்தவர் மறைந்துகொள்ளலாம். உழவர் வாக்கியங்களுக்கு அந்தச் சலுகை கிடைப்பதில்லை.

ஏழைகளின் புரதத்துக்காகவே இவ்வளவும் என்பது வழக்கமான மறுமொழி. அக்கறை உண்மையானால் 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அரிசி, கோதுமை, சிறுதானியங்களோடு நின்றது ஏன்? பருப்புக்கு அதில் உரிமை இல்லை. தமிழ்நாடு 2007 முதல் நியாயவிலைக் கடையில் மானிய விலையில் துவரம் பருப்பு தருகிறது. எனவே முடியாத காரியம் என்று சொல்ல வழியில்லை. ஏழையின் தட்டுக்கான செலவை ஏற்க வேண்டியது கருவூலம். அதை மானாவாரி உழவரின் தோளில் ஏற்றிவைப்பது நலத்திட்டம் ஆகாது.

2025ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கை துவரை, உளுந்து, மசூர் ஆகியவற்றில் தற்சார்புக்கு ஆறாண்டுத் திட்டம் அறிவித்தது. நான்காண்டுகள் கொள்முதல் செய்வதாகவும் வாக்களித்தது. அதற்குச் சற்று முன்னர்தான் துவரையின் வரியில்லா இறக்குமதி 2026 மார்ச் வரை நீட்டிக்கப்பட்டிருந்தது. ஒரு கை விதைக்கச் சொல்கிறது. மறு கை விலையை அழுத்துகிறது. நான்காண்டு முடிந்தபின் என்ன என்பதற்கும் விடையில்லை.

ஆய்வுலகம் செய்யக்கூடியது உண்டு. வயலின் மொத்தப் பயனை அளக்கும் அலகு வேண்டும். குறைந்த உற்பத்தித்திறன் என்று எழுதும் ஒவ்வொரு ஆய்வேடும், அந்தப் பருவத்தில் விலையை யார், எப்போது, எந்த ஆணையால் தீர்மானித்தார் என்பதையும் அடுத்த வரியில் எழுத வேண்டும். அதை எழுதாத ஆய்வு, கொள்கை வகுத்தவரைக் காப்பாற்றுகிறது. துவரைக்கும் அதை விதைத்தவருக்கும் அதனால் எந்தப் பயனும் இல்லை.