எழுத்தைப் படமாக்கி ஊமையாக்காதீர்

பார்வையற்றவருக்குத் தொடுதிரைச் செல்பேசி எதற்கு என்று வினவுவோர் நம் சமுதாயத்தில் இன்னும் உளர். தென்காசிக் கடைத்தெருவில் அவ்வினா நம் செவியிலும் விழுந்ததுண்டு. விசைகள் கொண்ட பழைய பேசியாயின் ஐந்தாம் எண்ணின்மீது ஒரு சிறு மேடு இருக்கும். அதைத் தடவி மற்ற எண்களை அறியலாம். வழவழத்த கண்ணாடியில் விரல் எதைக் கண்டறியும் என்பது அவர்தம் வாதம். ஒரு காலத்தில் அதில் நியாயம் இருந்தது. இன்று அது வெறும் அறியாமையே.

2009-ஆம் ஆண்டில் ஐபோனில் 'வாய்ஸ்ஓவர்' வந்தது. அதே ஆண்டில் ஆண்ட்ராய்டு பேசிகளில் 'டாக்பேக்' வந்தது. 2011-இல் அதன் நான்காம் பதிப்போடு, திரையைத் தடவித் தேடும் முறையும் சேர்ந்தது. விரல் எதன்மேல் நிற்கிறதோ அதன் பெயரைப் பேசி உரைக்கும். இருமுறை தட்டினால் திறக்கும். வலப்புறம் தள்ளினால் அடுத்ததற்குச் செல்லும். தொடக்கத்தில் விரல் தடுமாறும். ஒருவரை அழைக்கப்போய் மற்றொருவரை அழைத்துவிடும். பழகியவரோ, குரலின் வேகத்தைக் கூட்டி, நமக்கு ஒரு சொல்லும் பிடிபடாத விரைவில் கேட்டுச் செல்கிறார்.

சாரல் காலத்தில் குற்றாலத்திற்குச் சென்று பாருங்கள். திரையில் நீர்த்துளி விழுந்தால் அதனையும் விரலென்று கருதிப் பேசி தடுமாறும். பேரருவியின் இரைச்சலில் அதன் குரல் அமிழ்ந்துபோகும். இரு காதிலும் கருவியைச் செருகினாலோ பின்னால் வரும் வண்டியின் ஓசை கேளாது. கண்ணின் வேலையையும் சேர்த்துச் செய்யும் செவியை அடைத்துக்கொண்டு சாலையைக் கடப்பது எங்ஙனம்? இவ்வளவையும் சமாளிக்க அவர்கள் கற்றுக்கொண்டார்கள். நாம் கற்றது யாது?

நம் ஜமாஅத்துகளின் வாட்ஸ்அப் குழுக்களைப் பாருங்கள். மௌத்து அறிவிப்பா? படம். ஜனாஸாத் தொழுகை நேரமா? படம். பெருநாள் திடல் எங்கே, பயான் யாருடையது, யாவும் பச்சைக் குவிமாடமும் பொன்னிறப் பூவேலையும் தீட்டிய படங்கள்! பார்வையற்ற சகோதரரின் பேசி அங்கே "படம்" என்று சொல்லி நின்றுவிடும். படத்திலுள்ள எழுத்தைப் படித்துச் சொல்லும் கருவிகள் வந்துவிட்டனவே என்பர். வந்துள்ளன; ஆனால் வளைத்தும் நெளித்தும் வண்ணத்தின்மேல் எழுதிய தமிழில் அவை பிழைபடுகின்றன. அடக்கம் முடிந்தபின் செய்தி அறிந்து பயன் என்ன?

இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களின் வரலாற்றை மிம்பரில் உருக்கமாகச் சொல்லாத ஆலிம் இல்லை. அன்னார் பொருட்டு 'அபஸ' அத்தியாயம் இறங்கியது. மதீனாவின் பொறுப்பும் அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆயினும் நாம் பெரிதும் எண்ணிப் பார்க்க வேண்டியது அவர்களுடைய பாங்கு. பிலால் (ரலி) அவர்கள் இரவிருக்கும்போதே பாங்கு சொல்வார்கள். வைகறைப் பாங்கு இவர்களுடையது. கண் தெரியாதவர் வைகறையை எவ்வாறு அறிவார்? "விடிந்துவிட்டது" என்று மக்கள் சொல்லும்வரை அவர்கள் பாங்கு சொல்வதில்லை என ஹதீஸ் நூல்கள் அறிவிக்கின்றன. வைகறையைக் காண இயலாதவருக்கு வைகறைப் பாங்கையே அளித்தார்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்கள்; விடிவதைக் கண்டு சொல்லும் வேலை கண்ணுடையோர்க்கு வந்தது. அச்சமுதாயம் அதைத் தவறாது செய்தது. நாமோ ஒரு தொழுகை நேரத்தைக்கூட எழுத்தாகத் தட்டி அனுப்பச் சோம்புகிறோம்.

நம் நூல்களின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. பழைய கிதாபுகளைப் பக்கம் பக்கமாகப் படம்பிடித்து இணையத்தில் ஏற்றிவிட்டுத் தொண்டு செய்துவிட்டதாக மகிழ்கிறோம். பழைய எழுத்துருவில் கோத்த தமிழையோ பேசி பொருளற்ற உளறலாகவே வாசிக்கும். யூனிகோடு முறையைத் தமிழக அரசு 2010-இலேயே ஏற்றும் நம்மவர் பலர் அதனை ஏற்கவில்லை. (நாம் 'ஸல்' என்று அடைப்புக்குறிக்குள் சுருக்கி எழுதுகிறோம், படிப்பவர் மனத்துள் ஸலவாத்தை நிறைவு செய்துகொள்வார், பேசியோ "ஸல்" என்றே சொல்லி மேலே போய்விடும். இதையும் ஆலிம்கள் ஆராயட்டும்.)

"பேசியைக் கொடுங்கள், நானே அழுத்திவிடுகிறேன்" என்று பிடுங்கும் அன்பும் ஒன்றுண்டு. வங்கியின் இரகசிய எண் பேரனுக்கும் அண்டை வீட்டாருக்கும் தெரிந்தபின் அது இரகசியமாகுமா? வங்கிகளும் குறைந்தவை அல்ல. ஆளை உறுதிசெய்யக் கண்ணிமைத்துக் காட்டு என்று பார்வையற்றவரிடமே கேட்டன! இக்கொடுமை உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2025 ஏப்ரல் 30-ஆம் நாள் அளித்த தீர்ப்பில், எண்ணிம வசதிகளை அணுகுவது வாழ்வுரிமையின் பகுதியே என்று அம்மன்றம் கூறி இருபது ஆணைகளையும் பிறப்பித்தது.

ஸகாத்தும் ஸதக்காவும் கொடுக்கிறோமே என்பர் சிலர். கொடுங்கள், குறைக்கவேண்டாம். ஆனால் நமக்கு அண்மையிலுள்ள பாளையங்கோட்டையில் 1890-இலேயே ஆஸ்க்வித் என்னும் கிறித்துவ அம்மையார் பார்வையற்றோர்க்குப் பள்ளி கண்டார் என்பதையும் நினையுங்கள். பார்வையற்ற பிள்ளை ஒன்று வந்து, கிதாபைத் தன் பேசியில் கேட்டு ஓத விரும்பினால், அதற்கு உதவ நம் மதரஸாக்களில் எத்தனை உஸ்தாதுகள் ஆயத்தமாயிருக்கின்றனர்?

படம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பூவேலை செய்வோர் செய்யட்டும். அதன் கீழே பெயர், இடம், நேரம் மூன்றையும் எழுத்தாகத் தட்டிவிடுங்கள். இதற்குக் கூட்டமும் வேண்டாம், தீர்மானமும் வேண்டாம். அடுத்த ஜனாஸா அறிவிப்பை அனுப்பும் முத்தவல்லியிடம் இன்றே சொல்லிவையுங்கள்.