தானம் செய்யப்பட்ட மலை

நாமக்கல் மாவட்டத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலைக்கு ஏறுகிறவர், வாழவந்தி நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு, பைல் நாடு என்று அடுத்தடுத்து வரும் ஊராட்சிப் பெயர்களைக் கண்டு, இத்தனை சிறிய மலைக்குள் இத்தனை நாடுகளா என்று புன்னகை செய்வது இயல்பே. மொத்தம் 14 நாடுகள். அத்தனையும் ஓர் ஊராட்சி ஒன்றியத்துக்குள் அடக்கம். சாமையும் மிளகும் பலாவும் விளையும் சில ஊர்கள், அவ்வூரார் சேர்ந்து கும்பிடும் சாமி, வழக்கு வந்தால் தீர்த்துவைக்க ஒரு பெரியவர்: பைல் நாட்டில் ‘நாடு’ என்ற சொல்லுக்கு இவ்வளவுதான் அர்த்தம். கொடியும் தூதரகமும் அதற்குப் பிற்காலத்தில் வந்து சேர்ந்த ஆபரணங்கள்.

இதே மலையை ஆண்ட வல்வில் ஓரியை மலையமான் திருமுடிக்காரி போரில் கொன்று, கொல்லியைச் சேர மன்னனுக்குக் கொடுத்துவிட்டான் என்பது சங்கப் புலவர்கள் தரும் செய்தி. கொன்றவனும் கொல்லப்பட்டவனும் கடையெழு வள்ளல்களில் எண்ணப்படுகிறவர்கள். ஒரு வள்ளல் இன்னொரு வள்ளலைக் கொன்று அவன் மலையையே தானம் செய்தான் என்ற இந்த விபரீதத்தில் நம்மில் பலர் நின்று யோசிப்பதில்லை. மலையில் வாழ்ந்த ஜனங்களின் சம்மதத்தை எவரும் கேட்டதாகவும் எந்தச் செய்யுளும் சொல்லவில்லை.

அங்கீகாரம் தருவதும் இப்படியொரு கொடைதான். ஒரு பிரதேசம் தன்னைச் சுதந்திர நாடென்று பிரகடனம் செய்து, அருகிலுள்ள வல்லரசை நோக்கி ‘எம்மை அங்கீகரியும்’ என்று கைநீட்டும்போதெல்லாம், கொடுப்பவரின் தாராளத்தைப் பற்றியே உலகம் பேசுகிறது. கொடுத்தபின் கொடுத்தவர் தம் வீட்டுக்குத் திரும்பினாரா என்பதைத்தான் கேட்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

நம் கண்முன் நடந்த 1971ஆம் ஆண்டு வங்கதேச விவகாரத்தையே எடுத்துக்கொள்ளலாம். 1970 டிசம்பர்த் தேர்தலில் கிழக்குப் பாகிஸ்தானின் 162 பொதுத் தொகுதிகளில் 160ஐ வென்ற அவாமி லீக்குக்கு ஆட்சி கிடைப்பதற்குப் பதிலாக, மார்ச் 25 இரவில் டாக்காவில் ராணுவத்தின் துப்பாக்கிதான் கிடைத்தது. ஏப்ரல் 17 அன்று எல்லையோர மாந்தோப்பு ஒன்றில் பதவியேற்று, தாஜுதீன் அகமதுவைப் பிரதம மந்திரியாகக் கொண்ட தற்காலிக அரசாங்கம், கல்கத்தாவிலிருந்துகொண்டே டெல்லியிடம் அங்கீகாரம் கேட்டது. ஏறக்குறைய ஒரு கோடி அகதிகள் எல்லை கடந்து வந்துகொண்டிருக்க, இந்திரா காந்தி அனுதாபமும் அடைக்கலமும் ஆயுதமும் கொடுத்தாரே தவிர, கேட்ட அந்த ஒரு வார்த்தையை மட்டும் கொடுக்கவில்லை. ஆகஸ்டில் சோவியத் ஒப்பந்தம் கையெழுத்தாகி, டிசம்பர் 3ஆம் தேதி பாகிஸ்தானின் விமானங்கள் நம் விமானதளங்களைத் தாக்கிய பிறகே, 6ஆம் தேதி பாராளுமன்றத்தில் அந்த வார்த்தை சொல்லப்பட்டது. பகைநாடு இரண்டாகப் பிளவுபடுவதில் நமக்கிருந்த லாபத்தை மறைத்து இதை முழுத் தர்மம் என்று கொண்டாடுவது சரியாகாது. ஆயினும், 1972 மார்ச் மாதத்தில் நம் படை டாக்காவில் விடைபெற்று ஊர் திரும்பியது; 1974 பிப்ரவரியில் பாகிஸ்தானே அந்நாட்டை அங்கீகரித்தது; அவ்வாண்டு செப்டம்பரில் ஐ.நா. சபையில் அதற்கு ஆசனம் கிடைத்தது. கொடுத்தவர் விலகி நின்றதால் மற்றவர்கள் வந்து சேர்வது எளிதாயிற்று என்றே கருதுகிறேன்.

விலகாத இடங்களின் கதை வேறு. 1974இல் சைப்ரஸில் இறங்கிய துருக்கியப் படை இன்னும் அங்கே இருக்கிறது. 1983இல் பிரகடனமான வட சைப்ரஸ் துருக்கியின் நாணயத்தில் வியாபாரம் செய்துகொண்டு, துருக்கி ஒன்றின் அங்கீகாரத்தோடு நிற்கிறது. 2008 ஆகஸ்டில் ரஷ்யா அங்கீகரித்த அப்காசியாவிலும் ரஷ்யப் படைத்தளமும் ரூபிளும் உண்டு. பின்தொடர்ந்து அங்கீகரித்த நாடுகள் மிகச் சிலவே. ஜார்ஜியாவிடமிருந்து பிரிந்து வந்தவர்கள் வேறொரு வீட்டின் திண்ணையில் குடியேறியிருக்கிறார்கள் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

தமிழ் வாசகர் இவ்விடத்தில் எதை நினைப்பார் என்பதை நான் அறியாமலில்லை. 1976 மே 14 அன்று இலங்கையின் வட்டுக்கோட்டையில் தமிழர் விடுதலைக் கூட்டணி தனிநாட்டுத் தீர்மானம் நிறைவேற்றியபோது, 1971இன் ஞாபகம் பலருக்கும் பசுமையாக இருந்தது. டாக்காவுக்குச் செய்ததை யாழ்ப்பாணத்துக்கும் டெல்லி செய்யும் என்ற நம்பிக்கை நியாயமற்றதும் அன்று. ஆனால் வல்லரசின் கணக்கு ஓரிடத்தில் போட்டபடியே மறு இடத்திலும் போடப்படுவதில்லை. 1987 ஜூலை 29 அன்று டெல்லியும் இலங்கை அரசும் செய்த ஒப்பந்தம் இலங்கையின் ஒருமைப்பாட்டை முதலில் உறுதி செய்துவிட்டே பேச ஆரம்பித்தது. அங்கீகாரம் கொடாத அவ்விடத்துக்குப் போன நம் படையோ 1990 மார்ச் வரை தங்கி, தமிழர்களோடேயே போரிட்டுத் திரும்பியது. அந்த ஒப்பந்தத்தின் பயனாகப் பிறந்த, இலங்கை அரசியல் சட்டத்தின் 13ஆவது திருத்தம் வாக்களித்த காணி, போலீஸ் அதிகாரங்கள் இன்றளவும் மாகாண சபைகளின் கைக்கு முழுமையாக வந்து சேரவில்லை. தனிநாடு தராதவர், தருவதாகச் சொன்ன சிறியதையாவது வற்புறுத்தி வாங்கித் தந்திருக்க வேண்டும்; அந்தக் கடன் டெல்லியின் பெயரில் இன்னும் நிற்கிறது.

கொல்லிமலையில் ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் அரசாங்கம் எடுக்கும் விழா வல்வில் ஓரியின் பெயரால்தான் நடக்கிறது. மலையைத் தானமாகப் பெற்றுக்கொண்ட சேரன் யார் என்று கேட்டால், ஏடுகளைப் புரட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.