பல்லுக்கு உறை இடுமுன்

புழுக்கொடியலைக் கடித்துத் தின்னும் நாட்டிலே பல்லின் அருமையை எடுத்துரைக்க வேண்டியதில்லை. மன்னார்த் தீவிலும் கரையோர ஊர்களிலும் வளர்ந்தவர்களுக்கு நண்டுக் காலைப் பல்லால் உடைப்பதும் பழக்கம். வலைநூலைப் பல்லால் அறுப்பதும் பழக்கம். முன்னரே பெரிதாய் அடைக்கப்பட்ட கடைவாய்ப்பல் ஒன்று, ஒருநாள் இவற்றிலொன்றினாற் பிளந்துபோகிறது. "பிடுங்கிவிடுங்கள், ஐயா" என்று பல் வைத்தியரிடம் உடனே கேட்போர் பலர். அரசாங்க வைத்தியசாலையிற் பிடுங்குதல் இலவசம். ஒரே நாளில் முடிந்தும் விடும். ஆயினும், வேர் உறுதியாயிருப்பின் அப்பல்லைக் காப்பாற்ற வழியுண்டு. அவ்வழிகளுள் ஒன்றே பல்லுறை. வைத்தியர்கள் இதனைக் 'கிரவுண்' என்பர்.

உறை என்பது பல்லின்மேல் மாட்டும் தொப்பி. தொப்பி பொருந்த இடம் வேண்டுமே! அதற்காகப் பல்லைச் சுற்றிலும் மேலும் ஏறக்குறைய 1 முதல் 2 மில்லிமீற்றர் வரை அராவுகிறார்கள். மாணவர் பாடநூலில் 'மிளிரி' என்று படிக்கும் வெண்ணிறக் கவசம் இவ்வாறு நீங்கினால் மீண்டும் வளராது. நோயாளர் முதலில் அறியவேண்டிய செய்தி இதுவே. ஒரு காலத்தில் முன்பல்லுக்குப் பொன்னுறை இட்டுச் சிரிப்பது செல்வத்தின் அடையாளமாயிருந்தது. அழகுக்காக நோயற்ற பல்லை அராவுவிப்பது, என் கருத்தில், படம் மாட்டுவதற்காக வீட்டுச் சுவரை இடிப்பதற்கு ஒப்பாகும். "சாதாரண அடைப்புப் போதாதா? வேர் எவ்வாறுள்ளது? எக்ஸ்றே படத்தைக் காட்டுவீர்களா?" என்று தயங்காது கேளுங்கள். நல்ல வைத்தியர் கோபிக்கமாட்டார்.

நரம்பை அகற்றி வேர் அடைக்கப்பட்ட கடைவாய்ப்பல்லின் கதை வேறு. வலி தீர்ந்ததென்று அதனை உறையின்றி விட்டுவிட்டால், மெல்லும் பாரத்தில் அது வேர்வரை பிளக்கக்கூடும். அதன்பின் பெரும்பாலும் பிடுங்குவதன்றி வழியில்லை.

பொற்கலவை, பிற உலோகங்கள், உலோகத்தின்மேற் பீங்கான், முழுப் பீங்கான், சிர்கோனியா எனப் பல பொருள்களால் உறைகள் செய்யப்படுகின்றன. மலிவான தோடு அணிந்தாற் காது அரித்துப் புண்ணாகும் பெண்மணிகள் அதனை வைத்தியரிடம் முன்னரே சொல்லவேண்டும்; சில உறை உலோகங்களில் நிக்கல் உண்டு.

பொதுவாக இருமுறையேனும் செல்லவேண்டியிருக்கும். முதன்முறை பல்லை அராவி அச்செடுப்பர். உண்மையான உறை தயாராகும்வரை தற்காலிக உறையொன்றை மெல்லிய பிடிப்புள்ள சீமெந்தினால் ஒட்டி அனுப்புவர். யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ போய்ச் சிகிச்சை பெறுவோர் தவறக்கூடிய இடம் இதுதான். 2011இற் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டபின் மன்னாரிலிருந்து யாழ்ப்பாணம் போவது எளிதாயிற்று என்பது மெய்யே. எனினும், ஒருநாள் தொழிலை விட்டு, பஸ்ஸுக்குக் காசு கொடுத்து மறுபடியும் போக யாருக்கு மனம் வரும்? வலியுமில்லையே! தற்காலிக உறையோ மாதக்கணக்கில் நிற்பதற்காகச் செய்யப்பட்டதன்று. அது கசியும்; கழன்றால் அயற்பற்கள் நகரும்; செய்து வைத்த உறை பொருந்தாது போகும். ஆகவே, இரண்டாம் வருகையின் திகதியையும் முழுச் செலவையும் முதல் நாளே எழுதி வாங்குங்கள். மடுத் திருவிழாவுக்கோ பிள்ளைகளின் பரீட்சைக்கோ அண்டிய வாரத்தைத் தெரிந்தெடுக்க வேண்டாம்.

உறை மாட்டியபின், வாயை மூடும்போது அந்தப் பல் மட்டும் முந்தி முட்டினால், "பழகிவிடும்" என்று பொறுத்திராது திரும்பிச் சென்று சரிசெய்யுங்கள். உறைக்குச் சொத்தை பிடியாது. ஆனால் உறையும் முரசும் சந்திக்கும் ஓரத்திலே பல்லுக்குப் பிடிக்கும். காலையும் இரவும் அவ்வோரத்தைத் துலக்குதல் அவசியம்.

உறை கழன்றால் எறிந்துவிடாதீர்கள். கடைப் பசையினால் ஒட்டவும் வேண்டாம். கழுவிச் சிறு போத்தலொன்றில் இட்டு, இரண்டொரு நாளில் வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள். பலவேளை அதனையே மீண்டும் பொருத்தலாம். தவறி விழுங்கினால் அது பெரும்பாலும் தானாகவே வெளியேறிவிடும். ஆனால் இருமலோ மூச்சுத்திணறலோ கண்டால், பல் வைத்தியரைத் தேடிக்கொண்டிராது வைத்தியசாலைக்கே உடனே விரையுங்கள்.