பனிப்பள்ளத்தாக்கை "வீண் விளையாட்டு" என்போருக்கு



கணினியில் உருவாக்கிய காட்டையும் கடலையும் முகத்தில் அணிந்து காணும் மெய்நிகர்க் கருவியைப் பற்றி நம்மிடையே ஒரு தீர்ப்பு மிக எளிதாக வழங்கப்படுகிறது: "அது கண்கட்டு வித்தை, வீண் விளையாட்டு." இளைஞர்கள் நால்வர் கூடி அத்தகைய அமைதிக் காட்சியொன்றை உருவாக்க முனைந்தால், யாருக்காக என்று கேட்கும் முன்பே தடுத்துவிடுகிறோம். வாசலில் வேப்பமரம் உள்ளவர்கள், எழுந்து நடக்க இயலாதவர்களைப் பற்றி எண்ணாமல் வழங்கிய தீர்ப்பு அது என்றே நாம் கருதுகிறோம்.

தீக்காயத்திற்குக் கட்டு மாற்றும் நேரத்தில் வார்டுக்கு வெளியே நின்றவர்கள் அந்த அலறலை மறக்கமாட்டார்கள். படுத்திருக்கும்போது வலியைத் தணிக்கும் மருந்து, புண்ணைக் கழுவும்போது பலருக்குப் போதுவதில்லை. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஹண்டர் ஹாஃப்மன், டேவிட் பேட்டர்சன் ஆகிய உளவியலாளர்கள், 1990களின் பிற்பகுதியில் ஹார்பர்வியூ மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் இதற்காகவே பணியாற்றினர். அவர்கள் குழுவாக உருவாக்கியதே 'ஸ்னோ வேர்ல்ட்' எனும் பனியுலகம். நெருப்புக்கு நேர் எதிரானது என்பதால் பனியைத் தேர்ந்தனர். நோயாளி பனிப்பள்ளத்தாக்கின் வழியே மெல்ல மிதந்து செல்கிறார். பனிமனிதர்கள் மீதும் பெங்குயின்கள் மீதும் பனியுருண்டை எறிகிறார். மனிதனின் கவனம் அளவுக்குட்பட்டது. அதில் பெரும்பங்கைப் பனி எடுத்துக்கொண்டால் வலிக்கு எஞ்சுவது குறைவு. 2004இல் வெளியான மூளை ஸ்கேன் ஆய்வில், நலமுள்ள தன்னார்வலர்களுக்கு வெப்பத்தால் வலியூட்டியபோது, இக்காட்சியைக் கண்டவர்களின் மூளையில் வலி சார்ந்த பகுதிகளின் இயக்கம் குறைந்தது பதிவாயிற்று. இதையும் வீண் என்போமா?

குழு என்ற சொல்லையும் நாம் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும். தலையிலும் முகத்திலும் காயம்பட்டவர் இக்கருவியை அணிய முடியாது. ஆகவே படுக்கையருகே நிறுத்திய ஒரு தாங்கு கை கருவியைப் பிடித்திருக்க, நோயாளி அதனுள் பார்க்கும்படி அமைத்தனர். இத்தேவை நிரல் எழுதுபவரின் மேசையில் தெரியவராது. கட்டு மாற்றும் இடத்தில்தான் தெரியவரும். தலை திரும்பியதும் காட்சி உடனே திரும்பவேண்டும். ஏறத்தாழ 20 மில்லி நொடிக்கு மேல் தாமதித்தால் தலைசுற்றலும் குமட்டலும் வரலாம். அருவி, பறவை, இசை என்று அழகுகளை அடுக்கிக் கருவியைத் திணறடிப்போர் இதை மறந்துவிடுகின்றனர்.

"உருவம் வரைவது கூடாதே" என்று சிலர் வினவுவர். படம் வரைவதையே பிழைப்பாகக் கொண்ட ஒருவரிடம், மரங்களையும் உயிரற்றவற்றையும் வரையுமாறு இப்னு அப்பாஸ் (ரழி) அறிவுறுத்திய செய்தி புகாரீயில் உள்ளது. மலையும் மரமும் பனியும் அதில் அடங்கும். (பெங்குயினைப் பற்றிய கேள்வியை ஃபிக்ஹ் வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம்.)

"தொலைக்காட்சி போதாதா?" என்பது மற்றொரு வினா. 2020இல் வெளியான எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வில் 96 பேர் பவளப்பாறைக் காட்சிகளைக் கண்டனர். தொலைக்காட்சியும் சலிப்பைக் குறைத்தது. ஆனால் மகிழ்ச்சியைக் கூட்டியது, காண்பவரின் செயலுக்கு ஏற்ப மாறும் மெய்நிகர்க் காட்சி மட்டுமே.

எதிர்ப்போரின் ஒரு வாதத்தில் மட்டும் எடை உண்டு. ஒட்டகத்தையும் வானத்தையும் மலைகளையும் பூமியையும் பார்க்குமாறு அல்ஃகாஷியா அத்தியாயம் நம்மை அழைக்கிறது. படைப்பு வெளியே இருக்கையில் போலி எதற்கு என்கின்றனர். கால் உள்ளவருக்கு அது சரியான கேள்வி. ஓடியாடும் பிள்ளையின் முகத்தில் அரைக் கிலோ எடையுள்ள கருவியை மாட்டிக் கடற்கரையைக் காட்டும் பெற்றோரை நாமும் ஆதரிக்கவில்லை. காசுக்காக அதை அப்படி விற்பவர்களையும் ஆதரிக்கவில்லை. ஆனால் அக்கேள்வியை, படுக்கையிலிருந்து சன்னலைக்கூட எட்டிப் பார்க்க முடியாத ஒருவரிடம் கேட்க நமக்கு எவ்வாறு மனம் வருகிறது?

அடுத்த முறை நம் பிள்ளைகள் இப்படியொரு திட்டத்தோடு வந்தால், உங்கள் குழுவில் செவிலியர் ஒருவர் இருக்கிறாரா, நோயுற்றுக் கிடந்த ஒருவரிடம் பேசினீர்களா என்று கேளுங்கள். இல்லை என்றால், முதலில் மருத்துவமனைக்குச் சென்று வரச் சொல்லுங்கள்.