ஓசி கன்ட்ரோல்: சொத்தா, கடனா?

‘பட்டன், காலண்டர் எல்லாம் வெளியே ரெடிமேடா கிடைக்குதே?’ என்று கேட்கும் மொபைல் ஆப் நண்பர்களுக்கு ஒரு பி.காம்.காரனின் பதில்: அதைக் கடன் கணக்கில் எழுதுங்க.

ஆண்ட்ராய்டின் ஆக்‌ஷன்பார் ஷெர்லாக்கையே பாருங்க. 2011-ல் வந்த ஆக்‌ஷன் பாரைப் பழைய போன்களுக்கும் கொடுத்த அருமையான லைப்ரரி. 2013-ல் கூகுளே அதைத் தன் சப்போர்ட் லைப்ரரியில் தந்ததும் ஷெர்லாக் கதை முடிந்தது. நம்பியிருந்தவர்கள் நிரலை மாற்றி எழுத வேண்டியதாச்சு. நல்ல லைப்ரரிக்கே இந்தக் கதி!

சில கன்ட்ரோல்கள் தம்மைத் தாமே திரையில் வரைந்துகொள்ளும். திரையை வாசிக்கும் டாக்பேக்குக்கு விவரம் சொல்லாவிட்டால், பார்வையற்றவர் தொடும்போது போன் மௌனம்தான். பளபள காலண்டரில் அவர் எப்படி டிக்கெட் தேதி போடுவார்?

போனோடு வருவதை முதலில் பயன்படுத்துங்க. கடன் வாங்கியே தீரணும்னா, மூலநிரலைப் படிச்சுட்டு வாங்குங்க. வட்டி கட்டப்போறது பயனர்தான்!