ஏ.சி-யை 21-ல் வைத்தது யார்?

எங்கள் ஆபீஸில் ஸ்வெட்டர் சீசன் ஏப்ரலில் தொடங்கி ஜூன் வரை போகும். ஜோக் இல்லை. வெளியே அனல் பறக்கும் ரோட்டில் வண்டி ஓட்டி வந்து லிஃப்ட்டை விட்டு இறங்கினால், முதல் அரை மணி நேரம் சொர்க்கம்தான். பதினோரு மணிக்கு விரல் நுனி மரத்துப்போக ஆரம்பிக்கும். பன்னிரண்டு மணிக்கு துப்பட்டா காதுக்கு ஏறிவிடும். மதியம் டப்பாவைத் திறந்தால் சாம்பார் சாதம் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த மாதிரி இருக்கும்.

அக்கவுன்ட்ஸ் அக்காவின் நிலைமை இன்னும் மோசம். அவருக்குத் தைராய்டு சுரப்பு குறைவு. குளிர் சுத்தமாகத் தாங்காது. டிராயரில் பில் புக்கோடு ஒரு ஜோடி சாக்ஸ் வைத்திருப்பார். நாற்காலி முதுகில் கம்பளிச் சால்வை. “இதெல்லாம் கொடைக்கானல் போனப்போ வாங்கினதுடி. அங்ககூட இவ்வளவு போடல” என்பார்.

சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி உண்டு. மேல் அம்பு, கீழ் அம்பு, நடுவில் சின்னத் திரை. பாத்ரூம் போகும்போதெல்லாம் மேல் அம்பை நான்கு முறை அழுத்திவிட்டுப் போவது எங்கள் வழக்கம். திரும்பி வரும்போது கொஞ்சம் பரவாயில்லை என்றுகூடத் தோன்றும். ஒருநாள் மெயின்டனன்ஸ் அண்ணன் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“பாப்பா, அதுல வயரே கிடையாது. பழைய தெர்மோஸ்டாட். சென்ட்ரல் கன்ட்ரோல் வந்ததும் கனெக்‌ஷனைப் பிடுங்கியாச்சு. கழட்டினா சுவத்துல ஓட்டை தெரியும்னு அப்படியே விட்டுட்டோம்.”

திரை எரிந்தது பேட்டரியால். இரண்டு வருடமாக நாங்கள் அழுத்தியது ஒரு பொம்மையை!

நொந்துபோய் இணையத்தில் தேடினேன். நாங்கள் மட்டும் ஏமாளிகள் இல்லை. அமெரிக்க அலுவலகங்களில், ஊழியர்களின் புகாரைச் சமாளிக்க வேண்டுமென்றே போலி தெர்மோஸ்டாட் மாட்டிவைக்கும் பழக்கம் பற்றி 2003-லேயே ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ எழுதியிருக்கிறது. பட்டனை அழுத்தியவுடன் மனசு அடங்கிவிடுமாம். அடங்கத்தான் செய்தது, என்ன சொல்ல!

வேடிக்கை என்னவென்றால், இந்தக் கருவி பிறந்ததே இதற்கு நேர்மாறான காரணத்துக்காக. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வொயிட்வாட்டர் என்று ஓர் ஊர். அங்கே ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் வாரன் ஜான்சன் என்ற பேராசிரியர் இருந்தார. குளிர்காலத்தில் வகுப்பறைகளுக்கு வெப்பம் வருவது கீழே இருக்கும் அடுப்பிலிருந்து. அறை வெந்துகொண்டிருக்கிறதா, நடுங்குகிறதா என்று கீழே இருக்கும் பணியாளருக்குத் தெரியாது. அவர் அடிக்கடி மேலே வந்து, வகுப்புக்குள் நுழைந்து, தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். பாடம் நடுவில் நிற்கும். கடுப்பான ஜான்சன், அறையின் சூடு மாறினால் கீழே இருப்பவருக்கு மின்சாரத்தில் தகவல் போகும்படி ஒரு கருவி செய்தார். 1883-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். இரண்டு வருடத்தில் கம்பெனியும் தொடங்கினார். இன்று பெரிய கட்டடங்களின் ஏ.சி-யைக் கட்டுப்படுத்தும் ‘ஜான்சன் கன்ட்ரோல்ஸ்’ அதன் வழி வந்ததுதான்.

அதாவது, மேலே உட்கார்ந்திருப்பவரின் கஷ்டத்தைக் கீழே இருப்பவருக்குச் சொல்லத்தான் தெர்மோஸ்டாட். எங்கள் பெட்டியில் அந்த வயரைத்தான் பிடுங்கியிருந்தார்கள்.

சரி, சென்ட்ரல் கன்ட்ரோலில் எவ்வளவு வைத்திருக்கிறார்கள்? “21” என்றார் அண்ணன். ஏன் 21? “நான் வேலைக்கு வர்றதுக்கு முன்னாடியே அதுதான்.”

இந்த ‘ஏன்’ என்னை விடவில்லை. ஒரு கட்டடத்தில் எத்தனை டிகிரி இருந்தால் மனிதர்களுக்கு இதமாக இருக்கும் என்று கணக்கிட உலகம் முழுக்கப் பயன்படுவது, டென்மார்க் பேராசிரியர் ஃபாங்கர் உருவாக்கிய முறை. 1970-ல் இதைப் பற்றிப் புத்தகமே எழுதினார். காற்றின் சூடு, ஈரப்பதம், காற்றோட்டம், சுற்றியிருக்கும் சுவர் - கண்ணாடியின் சூடு, போட்டிருக்கும் உடை, உடம்பு உள்ளே உண்டாக்கும் வெப்பம் என ஆறு விஷயங்களைப் பார்க்கும் நல்ல முறைதான். சிக்கல் அந்தக் கடைசி விஷயத்தில். உடம்பின் வெப்பத்துக்குப் பொதுவாக எடுத்துக்கொள்ளும் அளவு, 70 கிலோ எடையுள்ள 40 வயது ஆணுடையது.

நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரண்டு பேர் 2015-ல் இதைக் கேள்வி கேட்டார்கள். ஆபீஸ் வேலை மாதிரி லேசான வேலை செய்யும் இளம்பெண்கள் 16 பேரை அளந்து பார்த்தார்கள். வழக்கமான அளவு, பெண்களின் உடல் வெப்பத்தை 35 சதவிகிதம் வரை கூட்டிக் காட்டக்கூடும் என்று தெரிந்தது. 16 பேர் என்பது சின்ன ஆய்வுதான். ஆனால், துப்பட்டாவைக் காதில் சுற்றிய எங்கள் வரிசைக்கு அது ஒன்றும் ஆச்சர்யமான செய்தி இல்லை. 2019-ல் பெர்லினில் 543 மாணவர்களை வெவ்வேறு வெப்பநிலையில் உட்காரவைத்துத் தேர்வு நடத்தினார்கள். அறை சூடாக இருந்தபோது பெண்கள் கணக்கிலும் மொழித் தேர்விலும் நன்றாகச் செய்தார்கள். ஆண்களின் மதிப்பெண் கொஞ்சம் குறைந்தது. பெண்களுக்குக் கூடியதைவிட ஆண்களுக்குக் குறைந்தது கம்மி.

இந்தியாவுக்கு வருவோம். 2020 ஜனவரி 1 முதல், ஸ்டார் லேபிளோடு வரும் ரூம் ஏ.சி-க்கள் ஆன் செய்ததும் 24-ல் தொடங்க வேண்டும் என்பது சட்டம். ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவிகித மின்சாரம் மிச்சம் என்கிறது மத்திய அரசின் எரிசக்தி சிக்கன அமைப்பான பி.இ.இ. ஏ.சி-க்களை 20-க்குக் கீழே குறைக்க முடியாதபடி செய்யப்போவதாக 2025 ஜூனில் மத்திய மின்துறை அமைச்சர் மனோகர் லால் கட்டார் அறிவித்தபோது மீம்ஸ் பறந்தது நினைவிருக்கும். “என் வீட்டு ரிமோட்டில் அரசுக்கு என்ன வேலை?” என்று கேட்டவர்கள் அநேகம். ஆபீஸில் ரிமோட்டையே பார்க்காத எனக்கு அந்தக் கோபம் வரவில்லை.

கதை திரும்பியது ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீட்டு ஹாலில். சர்வீஸுக்கு வந்த மெக்கானிக் அண்ணனிடம் அப்பா வழக்கமான புகாரை வாசித்தார்: “16 வெச்சாதான் தம்பி சீக்கிரம் கூல் ஆகுது.” எங்கள் அப்பா இரண்டு மாத ரீடிங் 500 யூனிட்டைத் தாண்டிவிடுமோ என்று மீட்டர் பெட்டியை எட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பவர். ஆனாலும், ஆன் செய்ததும் 16. அம்மா நடுராத்திரி எழுந்து 26. காலையில் இருவருக்கும் தொண்டை கட்டல்.

“சார், 16-ங்கிறது ஸ்பீடு இல்ல. எங்க நிக்கணும்ங்கிற கோடு. ரூம் 34-ல இருந்தா, 24 வெச்சாலும் இது முழு மூச்சாத்தான் ஓடும். 24 வந்ததும் நிதானமாகும். 16 வெச்சா கடைசி வரைக்கும் நிதானமே ஆகாது, அவ்வளவுதான்” என்றார் அவர். பிறகு முன்பக்க மூடியைத் திறந்து, ஃபில்டருக்குப் பின்னால் மிளகு சைஸில் ஒரு துளியைக் காட்டினார். “இதுதான் சென்சார். உள்ளே இழுக்கிற காத்தோட சூட்டைத்தான் இது பார்க்கும். சீலிங் பக்கம் இருக்கிற காத்து. கீழே படுத்திருக்கிற உங்களை இதுக்குத் தெரியாது.”

சில ஏ.சி ரிமோட்டுகளில் ‘ஐ ஃபீல்’ அல்லது ‘ஃபாலோ மீ’ என்று ஒரு பட்டன் இருப்பதையும் அவர்தான் சொன்னார். அழுத்தினால், ரிமோட்டில் இருக்கும் சென்சார் சொல்லும் சூட்டை வைத்து ஏ.சி வேலை செய்யும். ரிமோட் உங்கள் பக்கத்தில், ஏ.சி-யைப் பார்த்தபடி இருக்க வேண்டும். தலையணைக்கு அடியில் வைத்தால் குழம்பிவிடும். எங்கள் ரிமோட்டிலும் இருக்கிறது. நான்கு வருடமாக அதைத் தொட்டதே இல்லை.

சென்சார் எங்கே இருக்கிறதோ அந்த இடத்துக்குத்தான் ஏ.சி. அப்படியானால் ஆபீஸில் சென்சார் எங்கே?

திங்கட்கிழமை மெயின்டனன்ஸ் அண்ணனைப் பிடித்தேன். தூணில் பட்டனோ திரையோ இல்லாத ஒரு சின்ன வெள்ளை டப்பாவைக் காட்டினார். அதற்கு நேர் கீழே, சீட் மாற்றியபோது நகர்த்திவைத்த பெரிய ஜெராக்ஸ் மெஷின். நாள் முழுக்க ஓடும், பக்கவாட்டில் கை வைத்தால் சுடும். அந்தச் சூடு நேராக டப்பாவுக்கு. ‘ஹால் கொதிக்கிறது’ என்று அது கீழே சொல்லிக்கொண்டே இருக்க, கீழே இருக்கும் கம்ப்யூட்டர் நம்பி, குளிரைக் கொட்டிக்கொண்டே இருந்திருக்கிறது.

சொன்னால் யார் நம்புவார்கள்? ஆன்லைனில் சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர்கள் மூன்று வாங்கினோம். காசு ஷேர் பண்ணிக்கொண்டோம். ஐந்து நாள், ஒரு நாளுக்கு நான்கு முறை, ஆறு மேஜைகளில் எழுதிவைத்தோம். அக்கா மேஜையில் மதியம் 19.5. தூணில், டப்பாவுக்குப் பக்கத்தில் 23. மேற்கு ஜன்னல் ஓரம் 26. எக்ஸெல் ஷீட்டை அழகாகப் போட்டது அக்கா. பதினோரு பேர் பெயர் போட்டு மெயில் அனுப்பினோம். “குளிருது சார்” என்று இரண்டு வருடமாகச் சொன்னபோது அசையாத நிர்வாகம், எண்ணைப் பார்த்ததும் அன்றைக்கே ஆள் அனுப்பியது. அதில் எனக்குக் கொஞ்சம் கோபம் இன்னமும் இருக்கிறது.

ஜெராக்ஸ் மெஷின் பேன்ட்ரி பக்கம் போனது. 21, 24 ஆனது. அக்கா தலைக்கு மேல் இருந்த காற்று வரும் ஜன்னலின் தடுப்பைத் திருப்பிவிட்டார்கள். சாக்ஸ் டிராயரிலேயே இருக்கிறது. சால்வையை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார்.

மூன்றாவது நாள் மேற்கு ஜன்னல் ஓரத்திலிருந்து ஒரு குரல். ஸ்போர்ட்ஸ் எழுதும் தம்பி. சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. “ஏன்க்கா, உங்க பதினோரு பேரு மெயில்ல என் மேஜை ரீடிங்கும் இருந்துச்சுல்ல? 26-னு நீங்களே போட்டிருக்கீங்க.”

இருந்தது. எங்கள் கண்ணில் பட்டது 19.5 மட்டும்தான்.

ஜன்னலுக்குத் திரை கேட்டு அடுத்த மெயில் போயிருக்கிறது. அது வரும்வரை அவன் மேஜையில் ஒரு சின்ன ஃபேன் ஓடுகிறது. வாங்கிக் கொடுத்தது அக்கா.